நாலரை ஏக்கரைக் காட்டுயிர்களுக்கு ஏற்ற நிலமாக வைத்திருக்க யாரிடம் உதவி கேட்பது?

கேள்வி: கிழக்குச் சித்தூர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாலரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரில் தென்னை நிற்கிறது. மீதி நிலத்தில் அப்பா இருந்தவரை மானாவாரியாக நிலக்கடலையும் சோளமும் விளைந்தன; ஆள் கிடைக்காததாலும் மழை தவறியதாலும் அந்தப் பகுதி சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. வரப்புகளில் பனைகள் நிற்கின்றன. மேற்கு எல்லையில் தாத்தா காலத்துக் கிளுவை வேலி பாதி அழிந்தும் பாதி செழித்தும் இருக்கிறது. தெற்கே மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளம் ஒன்று உண்டு. அதன் கரை முழுவதும் உண்ணிச்செடி மண்டிவிட்டது.

நிலம் தரிசான பிறகு அங்கே கவுதாரியும் முயலும் உடும்பும் கீரியும் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. பட்டுப்போன பனை ஒன்றின் பொந்தில் பனங்காடை குஞ்சு பொரிக்கிறது. இரவில் நரியின் ஊளை கேட்கிறது. தம்பி முழுவதும் தேக்கு வைத்துவிடலாம் என்கிறான். உறவினர் ஒருவர், ஜேசிபி விட்டு மட்டம் தட்டினால் நல்ல விலை போகும் என்கிறார். இந்த உயிர்கள் இங்கேயே இருக்க வேண்டும், இன்னும் பெருக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் நிலத்திலிருந்து ஓரளவாவது வருமானம் வராவிட்டால் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் வழியாக வந்த திட்டத்தில், விவசாயி தன் நிலத்தின் ஒரு பகுதியை 10 முதல் 15 ஆண்டுகள் வரை சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லும் மரமும் வளர்த்தால் அரசு ஆண்டுதோறும் வாடகை தருகிறது என்று படித்தேன். 1996இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தில், அலுவலர் நிலத்துக்கே வந்து பார்த்துத் திட்டம் வரைந்து கொடுப்பதோடு செலவில் ஒரு பங்கையும் அரசு ஏற்கிறது. அந்த நிதியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு காட்டுயிர் வாழிடத்துக்கென்றே போக வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறதாம். நம் பக்கத்தில் இப்படி ஏதேனும் உண்டா? எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்? நிலத்தைக் காடுபோல் விட்டால் பிற்காலத்தில் வனத்துறை எடுத்துக்கொள்ளும் என்று ஊரில் எச்சரிக்கிறார்கள், அது உண்மையா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: இட்டேரி (கிணத்துக்கடவு)

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வியைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லப்போவது மரக்கன்று நடுங்கள் என்பதாகத்தான் இருக்கும். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். கவுதாரி, முயல், உடும்பு, பனங்காடை என்று நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் திறந்த வெளியிலும் புல்லிலும் புதரிலும் வாழ்பவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே, கேரளத்திலேயே மழை மிகக் குறைவாகப் பெய்யும் இடங்களில் ஒன்றில் உங்கள் நிலம் இருக்கிறது. மாநிலச் சராசரி 3,000 மில்லிமீட்டர் அளவில் இருப்பதை வைத்து உங்கள் கரிசல் மேட்டில் அடர்காடு உண்டாக்க முயன்றால், சொட்டுநீர் கொடுத்து மரங்களை உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் இன்று அங்கே இருக்கும் கவுதாரி போய்விடும். வறண்ட புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்கும் பழக்கம் நம் வருவாய்ப் பதிவேடுகளில் ஆழமாக ஊறியிருப்பதால்தான், அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே முதல் வேலை, இருப்பதைக் கெடுக்காமல் வைப்பது. பனைகளிலிருந்து தொடங்குங்கள். பனை உழவாரன் குருவி தன் கூட்டைப் பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் ஒட்டிவைக்கிறது. காய்ந்து தொங்கும் ஓலைகளையும் அது பயன்படுத்தும். மரத்தை அழகுபடுத்துவதாக எண்ணி எல்லா ஓலையையும் கழித்துவிட்டால் அதற்கு இடமில்லை. பட்டுப்போன பனை விறகுக்கும் சூளைக்கும் போவதுதான் வழக்கம். ஆனால் பனங்காடை, பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை ஆகிய நான்கும் அந்த மொட்டைப் பனையின் பொந்தைத்தான் நம்பியிருக்கின்றன. மனிதர் நடமாட்டத்துக்கும் மின்கம்பிக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட பனையை அது தானாகச் சாயும்வரை விட்டுவைப்பது, செலவே இல்லாமல் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் உங்கள் பனைகளைக் காக்க உங்கள் மனம்தான் இருக்கிறது.

அடுத்தது வேலி. கிளுவை வேலி அழிந்த இடத்தில் கம்பி வேலி போடாதீர்கள். கிளுவைப் போத்தை மழைக்கு முன்பு வெட்டி ஊன்றினாலே வேர்பிடித்துவிடும். அதன் இடையிடையே சங்கஞ்செடி, சூரை, காரை, இலந்தை, ஆவாரை ஆகியவற்றை வரவிட்டுப் பிரண்டையும் கோவைக்கொடியும் படர இடம் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு விளைநிலத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருபுறமும் உயிர்வேலி சூழப் போகும் இட்டேரிகள் ஒரு காலத்தில் ஊரெங்கும் பின்னிக் கிடந்தன; கீரியும் ஓணானும் தவிட்டுக்குருவியும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அந்த மறைவில்தான் போய்வந்தன. அவற்றைத் தார்ச்சாலையாக்கியும் கம்பி வேலிக்குள் இழுத்தும் அழித்துவிட்டோம். உங்கள் வேலி பக்கத்து நிலத்து வேலியோடு தொடர்ந்தால், நாலரை ஏக்கர் செய்யக்கூடியதைவிட அது பல மடங்கு அதிகம் செய்யும். வேலியோரம் எருக்கு முளைத்தால் பிடுங்க வேண்டாம்; வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்று வளர்கிறது. அதுபோல ஆடுதின்னாப்பாளை ஒரு கொடி இருந்தால் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும்.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும். மேலே ஆங்காங்கே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் மாடும் ஆடும் மேய, மற்றவை ஓய்வெடுக்கும். இது தனியார் நிலத்தில் பல தலைமுறையாக நடந்துவரும் முறை. மழை குறைந்த ஆண்டிலும் தீவனம் தருகிறது. கவுதாரி அதில் கூடு வைக்கிறது. உங்கள் மூன்றரை ஏக்கரை இவ்வாறு மாற்றி, அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மேய்ச்சலுக்கோ புல் அறுப்புக்கோ விட்டால் வீட்டில் பேச ஒரு கணக்கு கையில் இருக்கும். புல் அறுப்பதை மட்டும் தரையில் முட்டையிடும் பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் தவிர்த்து, ஒரே நாளில் முழுவதையும் அறுக்காமல் பட்டைபட்டையாக விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எங்கும் கறுப்புத் தாள் விரித்த பண்ணைக் குட்டைகள் வெட்டப்படுகின்றன. அந்த வழுக்கும் சரிவில் இறங்கிய முயலும் நரியும் கீரியும் ஏற முடியாமல் மூழ்கிச் சாகின்றன. குட்டை வெட்டினால் ஒரு பக்கமாவது சேறு தெரியும்படி மிகச் சாய்வான கரையாக விடுங்கள். தவளை முட்டையிடுவதும் கொக்கு நின்று மீன் பார்ப்பதும் அந்த ஓரத்தில்தான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முன்பு அதைக் கட்டுங்கள்.


பதில்: கடலைக்காடு (எருத்தேம்பதி)

மேலே எழுதியவரின் அறிவை மதிக்கிறேன். ஆயினும் பக்கத்து நிலத்துக்காரர்களின் நிலையையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் நிலக்கடலையை மயில் கிளறுகிறது. எஞ்சியதைக் காட்டுப்பன்றி உழுதுவிடுகிறது. மயில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் தேசியப் பறவை என்பதால் விரட்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. பன்றி விஷயத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவருக்குச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு கொடுத்திருக்கிறது என்றாலும், உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் வந்து சேரும்போது விளைச்சல் போயிருக்கும். பள்ளத்தோரம் உண்ணிச்செடிப் புதர் இருந்தால் பன்றி பகலில் அதற்குள்தான் படுக்கும். உங்கள் நிலத்தில் அவை தங்கி எங்கள் நிலத்தில் மேய்ந்தால், ஊரில் உங்கள் நல்ல எண்ணத்தை யாரும் நல்லதாகப் பார்க்க மாட்டார்கள். நான் உங்கள் முயற்சியை எதிர்க்கவில்லை. தொடங்குவதற்கு முன்பு நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களையும் அழைத்துப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.


பதில்: பதிவேடு (சித்தூர்)

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் உதவியும் சட்டமும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

தம்பி, முதலில் வில்லேஜ் ஆபீஸுக்குச் சென்று உங்கள் நிலம் பதிவேட்டில் புரையிடமாக (மேட்டு நிலமாக) இருக்கிறதா, ‘நிலம்’ (நெல்வயல்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தை ஒட்டிய பகுதி நெல்வயலாகப் பதிவாகியிருந்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அதை வேறு பயனுக்கு மாற்ற முடியாது. அங்கே குட்டை வெட்டுவதோ மரத்தோப்பு வைப்பதோ சிக்கலில் முடியலாம். அதே சமயம், நெல்வயலை நெல்வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று 2020இல் கேரள அரசு தொடங்கிய ராயல்டித் தொகை, நீங்கள் கேட்ட அமெரிக்க முறைக்கு நம் ஊரில் மிக அருகில் வருவது என்பேன். நிலத்தை இயற்கையான நிலையில் வைத்திருப்பதற்காகவே உரிமையாளருக்குப் பணம் கொடுக்கும் எண்ணம் அதில் இருக்கிறது. மேட்டுக் காட்டுக்கும் புல்வெளிக்கும் அப்படியொரு தொகை வர வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

ஒரே இடத்தில் கேட்டுப் பெறக்கூடிய காட்டுயிர் வாழிட உதவி என்று நம்மிடம் எதுவும் இல்லை. துண்டுதுண்டாகக் கிடப்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு விவசாயி என்பதால், வரப்புக் கட்டுதல், மழைநீர்க் குழி, குட்டை போன்ற மண்வேலைகளை ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் உங்கள் நிலத்திலேயே செய்ய முடியுமா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். கையால் வெட்டும் வேலை என்பதால் சாய்வான கரை வேண்டும் என்று நின்று சொல்லிச் செய்துகொள்ளவும் முடியும். சமூக வனவியல் பிரிவு கன்றுகளும், தனியார் நிலத்தில் மரம் வளர்க்க ஊக்கத்தொகையும் தருகிறது. ஆனால் அதில் தேக்கு போன்ற தடிமரங்களே முன்னால் நிற்கும். உங்கள் நோக்கத்துக்கு நாவல், அத்தி, வேம்பு, உசிலை, இச்சி ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலும் கேட்டுப் பார்க்கலாம். கேரள அரசின் ஹரித கேரளம் இயக்கம் 2019 ஜூன் 5 அன்று தொடங்கிய பச்சத்துருத்துத் திட்டத்தில் அரை சென்ட் இடத்தில்கூட உள்ளூர் மரங்களின் சிறு தோப்பை உருவாக்கலாம். நிலம் முழுவதையும் தோப்பாக்க வேண்டாம் என்று மேலே சொன்னவரோடு நான் உடன்படுகிறேன். கிணற்றோரத்து மூலை ஒன்றுக்கு இது பொருத்தமாக இருக்கும். உங்கள் நிலத்தில் குலதெய்வக் காவு (கோயில் காடு) ஏதேனும் இருந்தால், காவுகளைக் காக்க வனத்துறை தனியாக நிதியுதவி தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் சென்று உங்கள் நிலத்தின் உயிரினங்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கிடைக்காது, ஆனால் நாளை அந்தப் பள்ளத்தில் யாரேனும் மண் எடுக்க வந்தால் காட்டுவதற்கு ஓர் ஆவணம் இருக்கும்.

வனத்துறை எடுத்துக்கொள்ளுமா என்ற அச்சம் காரணமில்லாமல் பிறந்ததல்ல. 1971ஆம் ஆண்டின் தனியார் வனச் சட்டம் கேரளத்தில் தனியார் காடுகளை அரசிடம் சேர்த்தது. பின்னர் 2003ஆம் ஆண்டின் சூழல் எளிதில் பாதிக்கப்படும் நிலங்கள் சட்டம், காப்புக் காட்டை ஒட்டியோ அதனால் சூழப்பட்டோ இருந்து இயற்கையான தாவரங்கள் மேலோங்கி நிற்கும் தனியார் வன நிலம், 2000 ஜூன் 2 முதல் அரசுடையதாகிவிட்டது என்று கூறியது. மலையோரத்தில் ஏலமும் காப்பியும் வைத்திருந்த பலர் இதனால் நீதிமன்றம் ஏறினார்கள். காப்புக் காட்டை ஒட்டிய நிலத்தில் மரத்தை வளரவிடவே விவசாயி பயப்படும் நிலை உருவானது. காட்டைக் காக்க வந்த சட்டம் தனியார் நிலத்தில் காடு வளர்வதைத் தடுத்ததாகவே நான் கருதுகிறேன். ஆனால் உங்கள் நிலம் சமவெளியில், காப்புக் காட்டிலிருந்து விலகி, பல தலைமுறையாக உழுத நிலம். அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வாளையாறு, முதலமடை மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் நட்ட மரத்தை வெட்டும் உரிமை, 2005ஆம் ஆண்டின் வனமல்லாத பகுதிகளில் மரம் வளர்ப்புச் சட்டத்தின்படி பொதுவாக உங்களிடமே இருக்கிறது. சந்தனம் அதற்கு விலக்கு.

இன்னொன்று, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த சமுதாயக் காப்பகம் என்னும் வகை. உரிமையாளர்கள் தாங்களாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் அரசு அவ்வாறு அறிவிக்கலாம். உரிமை உங்களிடமே இருக்கும். கேரளத்தில் கடலுண்டி – வள்ளிக்குன்று அப்படி அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவித்த பிறகு, மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. நாலரை ஏக்கருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஊரே சேர்ந்து பள்ளம் முழுவதற்கும் கேட்டால் அப்போது யோசிக்கலாம்.


கேள்வியாளர்: கிழக்குச் சித்தூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் நிலம் புரையிடமாகத்தான் பதிவாகியிருக்கிறது. பள்ளம் புறம்போக்கு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எருத்தேம்பதி அண்ணன் சொன்னது நியாயமானது; பக்கத்து நிலத்துக்காரர்களிடம் பேசிவிட்டேன். உண்ணிச்செடியை எடுத்தால் மற்ற எதற்கும் மறுப்பில்லை என்று மூன்று பேர் சொல்கிறார்கள். ஜேசிபி வைத்து ஒரே நாளில் வாரி எடுத்துவிடலாமா?


பதில்: இட்டேரி (கிணத்துக்கடவு)

ஜேசிபி வேண்டாம். அது மண்ணைக் கிளறிப் போட்டால், மண்ணுக்குள் கிடக்கும் உண்ணி விதை எல்லாம் அடுத்த மழையில் ஒன்றாக முளைக்கும். பள்ளத்தின் கரையும் அரிக்கும். புறம்போக்கில் இருக்கும் பகுதிக்குப் பஞ்சாயத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் எல்லைக்குள் இருப்பதை ஆள் வைத்து எடுங்கள். வெறுமனே மேலே வெட்டினால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே, இரண்டு மூன்று விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டிச் செடியை முழுவதுமாக எடுத்து, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். காய் பழுத்துக் குருவிகள் தின்னத் தொடங்குவதற்கு முன்பு இதை முடிப்பது முக்கியம். அடுத்த இரண்டு மழைக்கும் முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்கத் தவறினால் பட்ட பாடு வீண்.

முழுக் கரையையும் ஒரே ஆண்டில் வெறுமையாக்காதீர்கள். உண்ணிச்செடி அயல்நாட்டுக் களைதான் என்றாலும் முயலுக்கும் தவிட்டுக்குருவிக்கும் இன்று அதுதான் மறைவிடம். பன்றி படுக்கும் இடம் என்று பக்கத்துக்காரர்கள் காட்டும் துண்டை, அவர்கள் கடலைக்காட்டை ஒட்டியிருப்பதால், முதல் ஆண்டில் எடுங்கள். அந்த இடத்தில் புதர் வேண்டாம். புல்லும் தள்ளித்தள்ளி வெள்வேலமும் இருக்கட்டும். மீதியை மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக எடுத்து, எடுத்த இடத்தில் காரை, சூரை, நொச்சி ஆகியவற்றை வைத்துக்கொண்டே போங்கள். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தனியார் நிலங்களில் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து மீட்டுவருகிறார்கள். அங்கேயும் உண்ணியை எடுப்பதும் உள்ளூர்ச் செடியை வைப்பதும் கைகோத்து நடக்கும் வேலைகள்தான். அவர்கள் நடும் மரங்கள் உங்கள் மேட்டுக்கு ஆகாது. அவர்கள் காட்டும் பொறுமை ஆகும்.

தென்னைக்கு எலி மருந்து வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்த ஆந்தையும் சேர்ந்து சாகிறது. கடலைக்காடுகளின் ஓரத்தில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கப் பறவைத் தாங்கிகளை நட்டுத்தர நீங்களே முன்வந்தால், பக்கத்துக்காரர்களுக்கும் எலித் தொல்லை குறையும்.

வேலை தொடங்குவதற்கு முன்பு ஓர் ஆண்டுக்காவது மாதம் ஒரு காலை நிலத்தைச் சுற்றிவந்து, பார்த்த பறவைகளைத் தேதியோடு குறித்துவையுங்கள். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இப்படிக் குறித்துத்தான் 361 இனங்களைக் கொண்ட பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். உங்கள் பகுதிப் பறவை ஆர்வலர்களிடம் கேட்டால் நிச்சயம் ஒருவராவது துணைக்கு வருவார். சமூக வனவியல் அலுவலரைச் சந்திக்கும்போது புரையிடச் சான்றோடு இந்தக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். தேக்கு வேண்டாம், நாவலும் இச்சியும் வேண்டும் என்று கேட்பதற்குரிய காரணம் அதில் எழுத்தில் இருக்கும். கன்றுகள் கிடைத்தால் ஆடிக் காற்று அடங்கியபின், வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுங்கள். கணவாய்க் காற்றில் இளங்கன்று நிற்காது.